நோவில்லாத நோய்

எமது வகுப்பு மாணவன் ஒருவனின் முன்பல் ஆடத் தொடங்கிற்று. வயதோ 16. “நோவு இல்லைத்தானே, சேர், கழற்றிவிடலாம் என்று உம்மா சொல்றா” என்றான். நோவில்லாமை ஆறுதலன்று, எச்சரிக்கை என்பதைக் கல்முனைக் கரையோரத்துப் பெற்றோர் யாவரும் அறிதல் வேண்டும்.

பல்லை நிறுத்தி வைப்பது தாடையெலும்பின் பிடி. ஈற்றோரத்தில் படியும் கிருமிகளை எதிர்த்து உடல் நடத்தும் போரில் அவ்வெலும்பே கரைவதுண்டு. வயது வந்தோரிடம் இது பெரும்பாலும் மெல்ல நிகழும். அரிதாக, இளையோர் சிலரிடம் முன்பற்களையும் முதற் கடைவாய்ப் பற்களையும் சுற்றி விரைந்து நிகழும்.

இவ்வேறுபாட்டை உலகிற்குத் தெளிவாக உணர்த்தியவர்கள் நமது மலையகத் தொழிலாளரே. 1970 முதல் 1985 வரை, நோர்வே அறிஞர் ஹரால்ட் லோ குழுவினர் தேயிலைத் தோட்டங்கள் இரண்டில் 480 தமிழ் ஆண்களை ஆராய்ந்தனர். தூரிகையால் பல் துலக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை. ஏறத்தாழ அனைவரின் ஈறும் அழன்றிருந்தது. ஆயினும் 100க்கு 11 பேருக்கு நோய் ஈற்றோடு நின்றது. 81 பேருக்கு மிதமாகப் பரவியது. 8 பேருக்கோ விரைந்து பரவி, 45 வயதிற்குள் பற்கள் யாவும் வீழ்ந்தன. அழுக்கு ஒன்றுதான், அழிவு ஒன்றன்று!

அந்த எட்டில் நம் பிள்ளையும் ஒருவனா என்பதை முகம் பார்க்கும் கண்ணாடி காட்டாது. பல் வைத்தியர் மில்லிமீற்றர் குறித்த மெல்லிய கோலால் ஈற்றிடுக்கின் ஆழத்தை அளப்பார். மூன்று வரை இயல்பு. அதனை மிஞ்சினால் ஐயம். எக்ஸ்-கதிர்ப் படம் எலும்பின் மட்டத்தைக் காட்டும். நீரிழிவு உண்டா என்பதையும் அறிவர்.

ஈற்றின் கீழ் வேர்வரை சுரண்டித் துப்புரவாக்குதலே முதற் சிகிச்சை. தேவையானால் அமொக்சிசிலின், மெற்றோனிடசோல் மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பர். ஆழம் குறையாத இடத்தில் அறுவைச் சிகிச்சை செய்வர். கரைந்த எலும்பு முழுமையாக மீள்வது அரிது. எஞ்சியதைக் காப்பதே நோக்கம். ஆகவே, சில மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் காட்டுதல் இன்றியமையாதது.

எம் மாணவனின் பல் கழற்றப்படவில்லை. இந்நோய் குடும்பத்தில் தொடரக்கூடும் என்று வைத்தியர் கூறவே, மறுவாரம் அவனுடைய உம்மா இளைய மகனையும் அழைத்துச் சென்றார். அவனுக்கும் நோவு இருக்கவில்லை, நோய் இருந்தது. ஒரு பல்லும் ஆடுமுன் சிகிச்சை தொடங்கிற்று.