அச்சு முறிந்த தேரும் கடைசி சீசனும்

‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் கடைசி அத்தியாயம் இந்தியாவில் வெளியானது 2026 புத்தாண்டு அன்று, காலை ஆறரை மணிக்கு. 2016 ஜூலையில் தொடங்கிய தொடர் அது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அதைப் பார்க்க ஆரம்பித்த பிள்ளைகள் இன்று ஒரகடத்துக்கும் மறைமலைநகருக்கும் வேலைக்குப் போகிறார்கள். அச்சரப்பாக்கத்தில் ஜிஎஸ்டி சாலை ஓரம் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும் அவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். கதை நாயகி இலெவன் செத்தாளா, பிழைத்தாளா என்று பஸ் வரும்வரை வாதாடுவார்கள். கதையின் முடிவில் அவள் தன்னையே பலி கொடுக்கிறாள். ஆனால், எங்கோ உயிரோடு இருக்கலாம் என்ற நம்பிக்கைக்கும் கதை இடம் வைத்திருக்கிறது. அதுதான் அழகு என்பது ஒரு கட்சி, அதுதான் ஏமாற்று என்பது இன்னொரு கட்சி. ஒளித்து வைத்த இன்னொரு அத்தியாயம் இருக்கிறது என்று நம்பி ஜனவரி 7 வரை காத்திருந்தவர்களும் உலகம் முழுக்க உண்டு. அது வரவில்லை.

வேலையற்றவர்களின் வேலை என்று இந்த வாதங்களைப் பலரும் தள்ளிவிடுகிறார்கள். நான் அப்படித் தள்ள மாட்டேன். ஒரு கதை தானே வகுத்த விதிக்குக் கடைசிவரை உண்மையாக இருந்ததா என்பதுதான் இந்த விவாதங்களின் மையம். அதைவிட நேர்மையான விமர்சனக் கேள்வி எது?

தமிழ்நாடு இந்த வாதத்தை முன்பே ஒருமுறை நடத்தியிருக்கிறது. 1997-98இல் சன் டிவியில் வாரம் ஒருமுறை வந்த ‘விடாது கருப்பு’, ‘மர்மதேசம்’ வரிசையின் இரண்டாவது கதை. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்க, கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்தது. தப்பு செய்தவரைக் கருப்பு தண்டிக்கும் என்று நம்புகிற ஒரு கிராமம்; இருட்டில் ஒரு குதிரைக் குளம்பொலி; மறுநாள் ஒரு சாவு. இவ்வளவுதான் சரக்கு. அடுத்த அத்தியாயத்துக்கு ஏழு நாள் இருக்கும். அந்த ஏழு நாளும் டீக்கடையிலும் வகுப்பறையிலும் ரேஷன் வரிசையிலும் ஒரே கேள்வி: செய்வது சாமியா, ஆளா?

சேத்தன் நடித்த பாத்திரத்துக்குள் இருந்த பிளவாளுமையைக் கதை விடையாகச் சொன்னது. கருப்பை நோயாக்கிவிட்டார்களே என்று பக்தர்களுக்குக் கோபம். நோய் என்று சொல்லிவிட்டு ஊரின் நம்பிக்கையை ஏன் உடைக்காமல் விட்டார்கள் என்று பகுத்தறிவுக்காரர்களுக்கு வருத்தம். இரு தரப்பும் ஒன்றைக் கவனிக்கவில்லை. அந்த விடை வானத்திலிருந்து குதிக்கவில்லை. மனநலம் படித்த ஒரு டாக்டர் பாத்திரம் கதைக்குள்ளேயே இருந்தது. சிறுவயதுச் சம்பவங்கள் இணையாக ஓடிக்கொண்டே இருந்தன. திரும்பிப் பார்த்தால் ஒவ்வொரு துப்பும் வைத்த இடத்திலேயே இருந்தது. அதே சமயம், கருப்பைக் கும்பிடும் ஒரு கிழவியைக்கூட அது கேலி செய்யவில்லை. அதனால்தான் கால் நூற்றாண்டு கழித்து யூடியூபில் பார்க்கிற பிள்ளைகளையும் அது பிடித்து உட்கார வைக்கிறது. 2024 நவம்பர் 10 அன்று இந்திரா சௌந்தர்ராஜன் மறைந்தபோது பலரும் முதலில் நினைவுகூர்ந்ததும் அந்தக் கருப்பைத்தான்.

விதி என்று நான் சொல்வதை அச்சரப்பாக்கத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. திரிபுரத்தை எரிக்கப் புறப்பட்ட சிவபெருமான் விநாயகரை வணங்காமல் கிளம்பிவிட்டார். தேரின் அச்சு முறிந்தது என்பது அவர்கள் ஊர் ஆட்சீஸ்வரர் கோயிலின் தலபுராணம். அச்சுமுறி விநாயகர் இன்றும் அங்கே இருக்கிறார். எந்தக் காரியத்துக்கும் பிள்ளையாரை முதலில் வணங்க வேண்டும் என்ற விதியை ஏற்படுத்தியவரே சிவன்தான். ஆனாலும் அவருக்கு விலக்கு இல்லை. அமானுஷ்யக் கதைக்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியாது. சக்தி எவ்வளவு பெரிதாகவும் இருக்கலாம். அது கட்டுப்படும் விதி ஒன்று இருக்க வேண்டும். எழுதுகிறவரும் அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

இப்போது நம் சேனல்களில் வரும் பாம்பு, பேய், அம்மன் தொடர்களைப் பாருங்கள். இந்த வாரம் எலுமிச்சம்பழத்துக்கு அடங்கும் பேய் அடுத்த வாரம் எதற்கும் அடங்காது. செத்தவர் திரும்பி வருவார், எப்படி என்று யாரும் கேட்கக் கூடாது. டிஆர்பி ஏறினால் கதை நீளும், இறங்கினால் நான்கே நாளில் முடியும். இப்படி முடிவதைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. அந்த மௌனத்தைத்தான் அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

திடீர் திருப்பம் இல்லாவிட்டால் ரசிகர் போய்விடுவார் என்று தயாரிப்பாளர்கள் பயப்படுகிறார்கள். அச்சரப்பாக்கம் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் படுகளம் பார்த்தவர்கள் அதை நம்ப மாட்டார்கள். இரவிரவாகப் பாரதக் கூத்து நடந்து முடிந்த பிறகு, வெட்டவெளியில் மண்ணால் செய்து வண்ணம் பூசிய துரியோதனன் மல்லாந்து கிடப்பான். பீமன் வேடக்காரர் தொடையில் அடிப்பார். உள்ளே வைத்திருந்த சிவப்பு நீர் தெறிக்கும். பாஞ்சாலி கூந்தலை முடிப்பாள். பெண்கள் முறத்தோடும் துடைப்பத்தோடும் அந்த உருவத்தை அடிப்பார்கள். கலைந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துப்போய் வீட்டில் வைப்பார்கள். முடிவு தெரியாதவர் அங்கே ஒருவர்கூட இல்லை. இருந்தாலும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். தொடையில் அடித்தது தர்மமா, கர்ணனைக் கொன்ற விதம் சரியா என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் வாதாடுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது அதிர்ச்சி அல்ல. போட்ட சபதம் நிறைவேற வேண்டும்.

ரசிகர்களுக்கும் ஓர் எல்லை உண்டு. 2019இல் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ கடைசி சீசன் பிடிக்காமல், அதை மறுபடி எடுக்கச் சொல்லிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அவசர அவசரமாக முடித்துவிட்டார்கள் என்ற அவர்களின் குறை எனக்கும் உண்டு. ஆனால், மாற்றி எடு என்று கேட்பது தப்பு. தீர்ப்புச் சொல்லும் உரிமை பார்ப்பவருக்கு உண்டு. பேனாவைப் பிடுங்கும் உரிமை இல்லை.

‘விட்டுவிடு கருப்பா’ என்ற நாவலாக முழுதும் எழுதி முடித்த பிறகே ‘விடாது கருப்பு’ படமாக்கப்பட்டது. தமிழில் அடுத்த அமானுஷ்யத் தொடருக்குத் திட்டமிடும் சேனல்களும் ஓடிடி நிறுவனங்களும் அந்த வழக்கத்துக்குத் திரும்ப வேண்டும்: முடிவை எழுதி முடிக்காமல் முதல் நாள் படப்பிடிப்புக்குப் போகாதீர்கள்.