அம்பயர் தப்பாகக் கொடுத்தால் யார் பேசலாம்? ஞாயிற்றுக்கிழமை மேட்ச்களில் பெற்றோரும் கோச்சுகளும் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வானகரத்தில் இரண்டு கூட்டங்களைப் பார்க்கலாம். ஒன்று, மீன் மார்க்கெட்டுக்கு வரும் கூட்டம். இன்னொன்று, ஸ்கூட்டரின் முன்பக்கம் கிட் பேக்கை நிறுத்தி, பின்னால் மகனையோ மகளையோ உட்காரவைத்து, பூந்தமல்லி நெடுஞ்சாலையைக் கடந்து கிரிக்கெட் மைதானத்துக்குப் போகும் கூட்டம். வானகரம், அயனம்பாக்கம், நொளம்பூர், வேலப்பன்சாவடி என மேற்குப் புறநகர் முழுக்க அகாடமிகளும் வலை கட்டிய டர்ஃப்களும் வந்துவிட்டன. வாரம் முழுக்க நெட் பிராக்டிஸ். ஞாயிறு ஆனால் மேட்ச்.

அந்த மேட்ச்களுக்குப் போய்வரும் எவருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. பன்னிரண்டு வயதுப் பையன் நான்கு ரன்னில் ஆடிக்கொண்டிருக்கிறான். பந்து பேடில் படுகிறது. பதினோரு பேரும் சேர்ந்து கத்துகிறார்கள். அம்பயரின் விரல் உயர்கிறது. பையன் இன்னும் கிரீஸை விட்டு நகரவில்லை, அதற்குள் பவுண்டரிக்கு வெளியிலிருந்து ஒரு குரல்: "தம்பி, அது லெக் ஸ்டம்புக்கு வெளிய போற பந்து. கண்ணு தெரியுதா இல்லையா?"

அம்பயராக நிற்கும் அந்தத் "தம்பி"க்குப் பத்தொன்பது வயது இருக்கலாம். கல்லூரியில் படித்துக்கொண்டே, நாளுக்குச் சில நூறு ரூபாய்க்கு வெயிலில் நிற்பவர். கோச் மைதானத்துக்குள் நடக்கத் தொடங்குகிறார். எதிர் அணிப் பெற்றோர் பதிலுக்குக் கத்துகிறார்கள். ஒருவர் மொபைலில் எடுத்த வீடியோவைக் காட்டுகிறார். நடுவில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நிற்கும் பையனை யாரும் பார்ப்பதில்லை.

கோபத்தில் நியாயமே இல்லையா?

இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ளாமல் "அமைதியா இருங்க" என்று சொன்னால் எந்த அப்பாவும் கேட்க மாட்டார். மாதா மாதம் ஃபீஸ், பேட், பேடு, ஷூ என்று செலவு. விடியற்காலையில் எழுந்து கொண்டுவந்து விடும் உழைப்பு. ஞாயிறு மேட்ச்சில் ஒரு பேட்ஸ்மேனுக்குக் கிடைப்பது ஒரே ஒரு வாய்ப்பு. அது தப்பான முடிவால் போனால் அடுத்த ஞாயிறு வரை காத்திருக்க வேண்டும். செலக்‌ஷன் நேரமாக இருந்தால் இழப்பு இன்னும் பெரிது.

இன்னொன்றும் உண்டு. அகாடமிகளுக்கு இடையிலான பயிற்சி ஆட்டங்களில், மேட்ச்சை நடத்தும் அகாடமியின் உதவி கோச்சே பல நேரம் அம்பயராக நிற்கிறார். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனாலும் எதிர் அணிக்குச் சந்தேகம் வருவதைத் தப்பு சொல்ல முடியாது.

ஆனால் அந்தக் கோபத்தைக் கத்தித் தீர்ப்பதால் நியாயம் கிடைப்பதில்லை. கிடைக்க வேண்டுமென்றால் முதலில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கண்ணில் பட்டது வேறு, விதி வேறு

இந்தப் பிரிவைத் தெளிவாகச் சொல்லும் விளையாட்டு சாஃப்ட்பால். நம் ஊர்ப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளிலும் அது உண்டு. அங்கே அம்பயர் கண்ணால் பார்த்து எடுத்த முடிவை எதிர்த்து முறையீடு செய்ய முடியாது. பந்து ஸ்டிரைக்கா இல்லையா, ஓடிவந்தவர் பேஸைத் தொட்டாரா என்பதெல்லாம் அவர் பார்வைக்கு உட்பட்டவை. ஆனால் அம்பயர் ஒரு விதியையே தப்பாகப் பயன்படுத்தினால் முறையீடு செய்யலாம். அதையும் அடுத்த பந்து வீசப்படுவதற்கு முன் சொல்லியாக வேண்டும்.

கிரிக்கெட்டுக்கும் இதைப் பொருத்திப் பார்க்கலாம். லெக் ஸ்டம்புக்கு வெளியே பிட்ச் ஆன பந்துக்கு எல்பிடபிள்யூ கிடையாது, இது விதி. அந்தப் பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே பிட்ச் ஆனதா என்பது அம்பயரின் கண். "வெளியேதான் பிட்ச் ஆச்சு, ஆனாலும் அவுட்" என்று அவர் சொன்னால் கோச் கேள்வி கேட்கலாம். "லைனில்தான் பிட்ச் ஆச்சு" என்று சொன்னால் பேச்சு முடிந்தது.

ஏன் முடிய வேண்டும்? மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து, கையை விட்டுப் பேட்ஸ்மேனை அடைய எடுக்கும் நேரம் ஒரு விநாடிக்கும் குறைவு. அதற்குள் அம்பயர் பவுலரின் முன்காலைப் பார்க்க வேண்டும். பந்து எங்கே பிட்ச் ஆனது, காலில் எங்கே பட்டது, பேட்டில் உரசியதா, ஸ்டம்பில் பட்டிருக்குமா என்றும் கவனிக்க வேண்டும். அவர் தப்பு செய்வார். ஆனால் மிட்விக்கெட் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு லைன் தெரிய வழியே இல்லை. ஸ்டம்புக்கும் ஸ்டம்புக்கும் நேராக நிற்பவர் ஒருவர்தான், அவர் அம்பயர். பக்கவாட்டில் இருந்து எடுத்த மொபைல் வீடியோவுக்கும் இதே குறைதான்.

எம்சிசி வகுத்த கிரிக்கெட் சட்டங்களும் இதைத்தான் சொல்கின்றன. அம்பயர் தன் முடிவை உடனடியாக மாற்றிக்கொள்ளலாம். அது தவிர, சொன்ன முடிவு இறுதியானது. ஓவரில் பந்துகளை அவர் தப்பாக எண்ணிவிட்டால்கூட, அவர் எண்ணியதுதான் கணக்கு. "சார், அஞ்சு பால்தான் ஆச்சு" என்று ஓவர் முடிந்த பிறகு வெளியிலிருந்து கத்துவதில் பயனில்லை.

டிவியில் பார்த்த விதி

சண்டைகளில் கணிசமானவை டிவியில் இருந்து வருகின்றன. நோ-பால் கொடுத்தால் அடுத்து ஃப்ரீ ஹிட் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். எம்சிசி சட்டங்களில் ஃப்ரீ ஹிட்டே கிடையாது. அது குறிப்பிட்ட போட்டிகளுக்கான விதி. லெக் சைடில் கொஞ்சம் விலகினாலே வைடு என்பதும் அப்படித்தான். பேட்ஸ்மேனுக்கு எட்டுமா எட்டாதா என்பதுதான் அடிப்படைச் சட்டத்தில் அளவுகோல். டிஆர்எஸ்ஸும் அந்தச் சட்டங்களில் இல்லை.

ஆக, ஒரு அப்பா ஐபிஎல் விதியை மனதில் வைத்துக் கத்துகிறார். அம்பயர் வேறொரு விதியில் மேட்ச் நடத்துகிறார். இருவரும் அவரவர் வழியில் சரி. டாஸுக்கு முன் ஐந்து நிமிடம் பேசியிருந்தால் இந்தச் சண்டை நடந்தே இருக்காது.

பெரியவர்களே இறங்கவில்லையா?

"தோனியே உள்ள போகலையா?" என்று கேட்பவர்கள் உண்டு. போனார். 2019 ஏப்ரல் 11 அன்று ஜெய்ப்பூரில் ராஜஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி ஓவர். ஓர் அம்பயர் நோ-பால் காட்ட, பிறகு அது இல்லை என்றானது. அதற்குள் அவுட்டாகி வெளியே போயிருந்த தோனி மைதானத்துக்குள் வந்து அம்பயர்களிடம் வாதாடினார். முடிவு மாறவில்லை. மேட்ச் கட்டணத்தில் 50 சதவீதம் அபராதம்தான் மிச்சம்.

கோச் இறங்கிய கதையும் இருக்கிறது. 2022 ஏப்ரல் 22, மும்பை வான்கடே. கடைசி ஓவரில் இடுப்பு உயரத்துக்கு வந்த ஃபுல் டாஸுக்கு நோ-பால் தரவில்லை என்று டெல்லி கேப்டன் ரிஷப் பந்த், ஆடிக்கொண்டிருந்தவர்களை வெளியே வரச் சைகை காட்டினார். உதவிப் பயிற்சியாளர் பிரவீன் ஆம்ரே மைதானத்துக்குள் போனார். அந்த முடிவும் மாறவில்லை. பந்துக்கு மேட்ச் கட்டணம் முழுவதும் அபராதம். ஆம்ரேவுக்கு முழு அபராதத்துடன் ஓர் ஆட்டத் தடையும்.

அடுத்த ஆண்டு, 2023-ல், வைடு, நோ-பால் முடிவுகளையும் ரிவ்யூ கேட்கலாம் என்று ஐபிஎல் விதி மாறியது. மாற்றம் வந்தது விதிப் புத்தகத்தின் வழியாக. மைதானத்துக்குள் நடந்து போனவரால் அன்றைய ஒரு பந்தைக்கூட மாற்ற முடியவில்லை.

சட்டம் ஆட்டக்காரரைத் தண்டிக்கும், அப்பாவை?

அமெச்சூர் கிரிக்கெட்டில் ஒழுங்கு கெடுகிறது என்ற கவலையில்தான், 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த எம்சிசி சட்டத் தொகுப்பில் ஆட்டக்காரர் நடத்தைக்கென 42-வது சட்டம் சேர்க்கப்பட்டது. அம்பயர் முடிவுக்குச் சொல்லாலோ செயலாலோ அதிருப்தி காட்டினால் முதல் முறை எச்சரிக்கை. அணி அதே தவறைத் திரும்பச் செய்தால் எதிர் அணிக்கு 5 ரன். அம்பயரை மிரட்டும் தோரணையில் பேசினால் குறிப்பிட்ட ஓவர்களுக்கு வெளியேற்றம். அடிப்பேன் என்று மிரட்டினால் அந்த மேட்ச்சிலேயே இடமில்லை.

ஆனால் இது ஆட்டக்காரர்களுக்கான சட்டம். பவுண்டரிக்கு வெளியே நிற்கும் பெற்றோரை இது தொடாது. அங்கே பொறுப்பு கோச்சுக்கும் போட்டி நடத்துபவருக்கும்தான். நடைமுறையில் பலர் கண்டுகொள்வதில்லை. காரணம் எளிது: கத்தும் அப்பா ஃபீஸ் கட்டுகிறவர். அவரிடம் "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சொன்னால் அடுத்த மாதம் பையன் வேறு அகாடமியில் இருப்பான்.

அந்தப் பயம் நிஜமானது. ஆனால் விலையும் இருக்கிறது. அவமானப்பட்ட பத்தொன்பது வயது அம்பயர் அடுத்த ஞாயிறு வரமாட்டார். மாநிலச் சங்கத் தேர்வு எழுதி, பிசிசிஐ தேர்வு வரை போகக்கூடிய ஒருவர் இங்கேயே நின்றுவிடுவார். கடைசியில் அம்பயரே கிடைக்காமல், மறுபடியும் உதவி கோச்தான் நிற்பார். பெற்றோர் எதை நினைத்துச் சந்தேகப்பட்டார்களோ அதையே அவர்கள் கத்தல் கொண்டுவந்து சேர்க்கும்.

என்ன செய்யலாம்?

முதலில் நடுநிலை. டெஸ்ட் கிரிக்கெட்டிலேயே ஒரு காலத்தில் சொந்த நாட்டு அம்பயர்கள்தான் நின்றார்கள். 1986 நவம்பரில் லாகூரில் பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடிய டெஸ்ட்டில் வி.கே. ராமசாமி, பிலூ ரிப்போர்ட்டர் என்ற இரண்டு இந்தியர்கள் அம்பயர்களாக நின்றார்கள். 2002-ல் இருந்து டெஸ்ட்டில் இரு அம்பயர்களும் வெளிநாட்டவராக இருக்க வேண்டும் என்ற விதி வந்தது. வானகரத்துக்கு வெளிநாட்டு அம்பயர் வேண்டாம். பக்கத்து அகாடமியிலிருந்து ஒருவர் வந்தால் போதும். மூன்று அகாடமிகள் பேசிக்கொண்டு, இரண்டு ஆடும்போது மூன்றாவது அம்பயர்களை அனுப்பலாம். செலவு பெட்ரோல் காசுதான்.

இரண்டாவது, ஒரு பக்க விதித்தாள். வைடு கோடு எங்கே, ஃப்ரீ ஹிட் உண்டா, ஒரு பவுலருக்கு எத்தனை ஓவர், எத்தனை ரன்னில் ரிட்டயர் ஆக வேண்டும் என்பதை எழுதி, டாஸுக்கு முன் இரு கோச்சும் கையெழுத்துப் போட வேண்டும். அதையே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலும் போட வேண்டும்.

மூன்றாவது, கேட்கும் வழி. மைதானத்தில் அம்பயரிடம் பேசும் உரிமை கேப்டனுக்கு மட்டும். அதுவும் கேள்வியாக: "சார், எதுக்கு அவுட் குடுத்தீங்க?" பன்னிரண்டு வயதில் மரியாதையாகக் கேள்வி கேட்கக் கற்றுக்கொள்வது கவர் டிரைவ் அளவுக்கு முக்கியமான பயிற்சி. விதிச் சந்தேகம் இருந்தால் கோச் இடைவேளையில் கேட்கலாம். அதற்கும் மேல் குறை இருந்தால், மேட்ச் முடிந்த பிறகு போட்டி நடத்துபவருக்கு எழுத்தில் தரலாம். பெற்றோர் சொல்ல வேண்டியதை மறுநாள் கோச்சிடம் சொல்லட்டும். ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் பாதிக் கோபம் குறைந்திருக்கும். மீதி பாதியில் நியாயம் இருந்தால் அது பேசத் தகுந்தது.

நான்காவது, யாராவது உள்ளே இறங்கினால் கோச் முதலில் போக வேண்டியது அம்பயரிடம் அல்ல, அந்த அப்பாவிடம். "வாங்க சார், நான் பேசிக்கிறேன்" என்று தோளில் கை வைத்து அழைத்துப் போகிற ஒரு கோச் இருந்தால், பாதி மேட்ச்கள் நிற்காமல் நடக்கும்.

அம்பயர் இடத்தில் நின்று பார்த்தால்

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் டெப்ஃபோர்டு என்ற ஊரின் சிறுவர் பேஸ்பால் லீக் 2023-ல் ஒரு விதி கொண்டுவந்தது. அம்பயரிடம் வம்பு செய்யும் பெற்றோர் மறுபடி மேட்ச் பார்க்க வர வேண்டுமென்றால், மூன்று ஆட்டங்களுக்கு அவர்களே அம்பயராக நிற்க வேண்டும். அம்பயர்கள் விலகிப் போனதால் வந்த விதி அது.

இங்கே அதைத் தண்டனையாகச் செய்ய வேண்டியதில்லை. சென்னைக்காரரான எஸ். வெங்கட்ராகவன் 1975, 1979 உலகக் கோப்பைகளில் இந்திய அணிக்குக் கேப்டனாக இருந்தவர். பிறகு வெள்ளைக் கோட் போட்டு 73 டெஸ்ட்களில் அம்பயராக நின்றார். ஆட்டம் தெரிந்தவர் அந்த வேலையைச் செய்வது கௌரவக் குறைச்சல் இல்லை.

சீசன் தொடக்கத்தில் நடக்கும் பயிற்சி ஆட்டங்களில், விருப்பமுள்ள ஒவ்வோர் அப்பாவும் அம்மாவும் பத்து ஓவர் லெக் அம்பயராக நிற்கலாம். ரன் அவுட்டுக்கு ஒரு முடிவு சொல்லிப் பார்க்கலாம். பெய்ல்ஸ் விழுந்த நேரமும் பேட் கோட்டைத் தாண்டிய நேரமும் ஒரே நொடியில் வரும்போது, பதினோரு பிள்ளைகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, விரலைத் தூக்கவா வேண்டாமா என்று நின்று பார்க்கலாம். ரன் அவுட் ஆன பையன் சொந்தப் பையனாகவும் இருக்கலாம்.