வேகம் கூட்டும் கைகளுக்குச் சான்றிதழ் எப்போது?

பழைய யமஹா ஆர்எக்ஸ்செட் மோட்டார் சைக்கிளுக்கு இன்று இருக்கும் மவுசு, அது கடையில் புதிதாக விற்ற காலத்தில்கூட இருந்ததில்லை. 1980ஆம் ஆண்டுகளின் நடுவில் மலேசியச் சாலைக்கு வந்த இந்த டூ-ஸ்ட்ரோக் மோட்டாரின் உற்பத்தி நின்று பத்தாண்டுக்கும் மேலாகிவிட்டது. ஆனாலும் நல்ல நிலையில் உள்ள ஒன்றை வாங்க, அன்றைய விலையைவிடப் பல மடங்கு கொடுக்க ஆள் இருக்கிறது. திரங்கானுவில் நடக்கும் ஆர்எக்ஸ்செட் ஒன்றுகூடலுக்கு நாடு முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கானோர் திரள்கின்றனர். போலீசாரும் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயும் வழியெங்கும் சோதனை நடத்துகின்றனர்.

இந்த மோகம் தோட்டப்புறங்களையும் தாமான்களையும் விட்டுவைக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையிலும் சிறு பட்டறைகளிலும் நம் இளைஞர்கள் பலர் இந்த இயந்திரங்களைப் பிரித்து, வேகம் கூட்டி, மறுபடியும் பூட்டுகின்றனர். அவர்களை ஒட்டுமொத்தமாக ‘ரெம்பிட்’ என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இதில் இரண்டு விஷயங்கள் கலந்துள்ளன. ஒன்று உயிருக்கு ஆபத்தான செயல். மற்றொன்று சோறு போடக்கூடிய தொழில்திறன்.

கொட்டகையில் நடப்பது என்ன?

ஃபோர்-ஸ்ட்ரோக் இயந்திரம் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை சக்தி தருகிறது. டூ-ஸ்ட்ரோக் ஒவ்வொரு சுற்றிலும் தருகிறது. வால்வுகள் கிடையாது. சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளை பிஸ்டனே திறந்து மூடுகிறது. ஆகவே அந்தத் துளைகளின் உயரத்தையும் அகலத்தையும் சிறிதளவு மாற்றினாலே இயந்திரத்தின் குணம் மாறிவிடும். சிலிண்டர் தலையைச் சீவி அழுத்தத்தைக் கூட்டுவது, பெரிய கார்புரேட்டர் பொருத்துவது, புகைக்குழாயை மாற்றுவது எல்லாம் இதே வழியில் வருபவைதான். கடலில் ஓடும் பழைய ஜெட் ஸ்கீக்கும் இதே கணக்குதான்.

வயிறு பெருத்த அந்தப் புகைக்குழாய் வெறும் சத்தத்துக்காக உருவானதல்ல. கிழக்கு ஜெர்மனியின் எம்செட் நிறுவனப் பொறியாளர் வால்டர் காடன் 1950ஆம் ஆண்டுகளில் அதைச் செம்மைப்படுத்தினார். எரியாமல் வெளியேறும் எரிபொருளை, குழாய்க்குள் எழும் அழுத்த அலையே மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளிவிடும் என்பதே அதன் சூட்சுமம். 1961இல் அவருடைய 125 சிசி பந்தய மோட்டார் 25 குதிரைசக்தி கொடுத்தது. அவ்வாண்டு அவரிடமிருந்த ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் நாட்டைவிட்டுத் தப்பி, ஜப்பானின் சுசுகியில் சேர்ந்தார். மறு ஆண்டே சுசுகி 50 சிசி பிரிவில் உலகப் பட்டம் வென்றது. ஒரு நிறுவனத்தின் தலைவிதியையே மாற்றிய அறிவு அது.

ஆபத்து எங்கே?

காடனின் இயந்திரம் ஓடியது பந்தயத் தடத்தில். அதைக் கவனித்துக்கொள்ள மெக்கானிக்குகள் இருந்தனர். இங்கே அதே முறையில் வேகம் கூட்டப்பட்ட மோட்டார், மறுநாள் காலையில் வேலைக்குப் போகும் நெடுஞ்சாலையில் ஓடுகிறது.

டூ-ஸ்ட்ரோக் இயந்திரத்தில் எரிபொருளோடு கலந்து வரும் எண்ணெய்தான் பிஸ்டனுக்கு வழுவழுப்பு. எரிபொருள் குறைந்து காற்று அதிகமானால் வெப்பம் ஏறும். பிஸ்டன் வீங்கி சிலிண்டரோடு இறுகும். அந்த நொடியே பின்சக்கரம் சுழலாமல் நின்றுவிடும். கிளட்சைப் பிடிக்கத் தாமதித்தால் ஓட்டுபவர் சாலையில் விழுவார். ஸ்பார்க் பிளக்கின் நுனி பழுப்பு நிறமாக இருந்தால் கலவை சரி, வெளுத்திருந்தால் ஆபத்து என்பது அனுபவசாலிகளுக்குத் தெரியும். காணொளி பார்த்து ஜெட் மாற்றும் பையனுக்கு அது தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

சக்தி கூடினாலும் பிரேக், டயர், சட்டகம் எல்லாம் பழையவைதான். நாட்டில் ஆண்டுதோறும் சாலை விபத்துகளில் 6,000க்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர். அவர்களில் பாதிக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள்.

சட்டமும் முன்பு போல் இல்லை. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் 2020இல் செய்யப்பட்ட திருத்தத்திற்குப் பிறகு, அபாயகரமாக ஓட்டினால் 5 ஆண்டு வரை சிறையும் 5,000 முதல் 15,000 வெள்ளி வரை அபராதமும் விதிக்கப்படலாம். அதனால் மரணம் நேர்ந்தால் சிறை 5 முதல் 10 ஆண்டு, அபராதம் 20,000 முதல் 50,000 வெள்ளி. காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லாமல் இயந்திரத்தை மாற்றியிருந்தால், இழப்பீடு கேட்கும்போது அதுவும் சிக்கலாகும்.

அபராதம் மட்டும் போதுமா?

சம்மன் மோட்டாரை நிறுத்தும். கையில் உள்ள திறனை எங்கே பயன்படுத்துவது என்று அது சொல்லாது. அதற்கு நாட்டில் வழி இருக்கிறது. வேகத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு 1994 முதல் கப் பிரிக்ஸ் பந்தயம் நடந்து வருகிறது. ஒவ்வோர் அணிக்கும் ஓட்டுநர் எவ்வளவு தேவையோ, அவ்வளவு தேவை மெக்கானிக்.

அதைவிட முக்கியமானது எஸ்கேஎம் எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ். பள்ளியை இடையில் விட்டவர்கள் இதற்கு வகுப்பில்தான் உட்கார வேண்டும் என்றில்லை. மனிதவள அமைச்சின் கீழ் உள்ள திறன் மேம்பாட்டு இலாகா, ‘பிபிடி’ என்ற முறையில் ஏற்கெனவே உள்ள அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்குகிறது. செய்த வேலைக்கான ஆதாரங்களைத் தொகுத்து, மதிப்பீட்டாளர் முன் திறனை நிரூபிக்க வேண்டும். பட்டறையில் பல ஆண்டுகள் கை கறுத்தவருக்கு இது எட்டாத காரியமல்ல.

இந்தச் சான்றிதழ் இருந்தால் நல்ல நிறுவனத்தில் வேலை கேட்கலாம், படிநிலை ஏறி டிப்ளோமாவுக்கும் போகலாம். சொந்தப் பட்டறைக்குக் கடன் கேட்கும்போதும் கையில் காட்ட ஒரு தாள் இருக்கும். ஆனால் இப்படி ஒரு வழி இருப்பதை அந்தக் கொட்டகைக்குப் போய்ச் சொல்வது யார்?

கோயில் நிர்வாகங்களும் இளைஞர் மன்றங்களும் ஆண்டுதோறும் விளையாட்டுப் போட்டியும் கலைநிகழ்ச்சியும் நடத்துகின்றன. அவற்றில் ஒரு நாளை பிபிடி விளக்கக் கூட்டத்துக்கு ஒதுக்கினால் பெரிய செலவு ஒன்றுமில்லை. பட்டறை முதலாளிகளும் தங்களிடம் வேலை செய்யும் பையன்களின் அனுபவத்தை எழுத்தில் உறுதிப்படுத்தித் தரலாம். பெற்றோர் மகனின் மோட்டார் சாவியைப் பிடுங்குவதற்கு முன், அவன் கையில் உள்ள ஸ்பேனரையும் ஒருமுறை பார்க்கட்டும்.