கூப்பிய கையும் நீட்டிய கையும்

கடவுள் பற்றியும் மத நம்பிக்கை பற்றியும் எங்கள் வட்டத்தின் நிலைப்பாடு

பெங்களூரு அல்சூர் ஏரிக்கு அருகே மாதம் ஒருமுறை கூடிப் படிக்கிற, பேசுகிற ஒரு சிறு தமிழ் வாசகர் வட்டம் எங்களுடையது. இரண்டு பக்கத்திலிருந்தும் எங்களிடம் கேள்வி வருகிறது. "நீங்கல்லாம் சாமி இல்லைன்னு சொல்ற கூட்டம்தானே?" என்பார் ஒருவர். "பகுத்தறிவு பேசுறீங்க, உங்க ஆள் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிறாரே?" என்பார் இன்னொருவர்.

இரண்டும் உண்மைதான். எங்களில் காவடி எடுப்பவர் உண்டு. செப்டம்பர் 8 மாதா திருவிழாவுக்குக் காவி உடுத்திச் சிவாஜிநகர் ஆலயத்துக்கு நடப்பவர் உண்டு. எந்தக் கோயில் வாசலையும் மிதிக்காதவரும் உண்டு. பல கூட்டங்கள் வாதாடிய பிறகு, மூன்று தரப்பும் ஒப்புக்கொண்டதை இங்கே எழுதி வைக்கிறோம். ஒப்புக்கொள்ளாததையும் மறைக்கவில்லை.

நிலைப்பாடு, சுருக்கமாக

1. கடவுள் உண்டு என்பதை யாரும் மெய்ப்பித்துக் காட்டியதில்லை. இல்லை என்பதையும் இறுதியாக மெய்ப்பித்துவிட்டதாக நாங்கள் சொல்லவில்லை. உண்டு என்று சொல்லி மற்றவரிடம் எதையாவது கோருபவரே அதற்கு ஆதாரம் தர வேண்டும்.

2. கை கூப்பி நிற்பவரிடம் எங்களுக்குக் கேள்வி இல்லை. கடவுளின் பெயரால் பணத்துக்கோ, அதிகாரத்துக்கோ, கீழ்ப்படிதலுக்கோ கை நீட்டுபவரிடம் கேள்வி உண்டு.

3. சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்று எதுவானாலும் சோதிக்கப்பட வேண்டும். புனிதம் என்ற சொல் அதற்கு விலக்கு ஆகாது.

4. நம்புவதற்கும் நம்பாமல் இருப்பதற்கும் உரிமை ஒன்றே. இரண்டுக்கும் ஒரே பாதுகாப்பு வேண்டும்.

கடவுள் உண்டா?

பானை இருந்தால் குயவன் இருக்க வேண்டும். உலகம் இருந்தால் அதைப் படைத்தவன் இருக்க வேண்டும். நம் ஊரில் திண்ணைவரை வந்துவிட்ட பழைய வாதம் இது. ஆனால் குயவனுக்கும் மண் வேண்டும். அந்த மண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வாதம் தடுமாறும். சைவ சித்தாந்தமே பதி, பசு, பாசம் (இறைவன், உயிர், உயிரைக் கட்டும் தளை) மூன்றும் தொடக்கமற்றவை என்றுதான் சொல்கிறது. படைக்கப்படாத ஒன்று இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்ட பிறகு, அது இந்த உலகமாகவே ஏன் இருக்கக் கூடாது என்று கேட்பவரை வாயடைக்க வழியில்லை.

மறுபக்கமும் முழுதாக மூடிய கதவல்ல. பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள் என்று அறிவியல் கணக்கிட்டிருக்கிறது. ஒன்றுமே இல்லாமல் இருந்திருக்கலாமே, ஏன் ஏதோ ஒன்று இருக்கிறது என்ற கேள்விக்கு அதனிடம் இன்னும் விடை இல்லை. விடை இல்லாத இடத்தில் கடவுளைக் கொண்டுபோய் வைப்பதைவிட, விடை இல்லை என்று சொல்வதே நேர்மை என்பது எங்களில் பெரும்பாலோரின் கருத்து.

தர்க்கத்தைவிட எங்கள் கூட்டத்தை அதிகம் உலுக்கியது வேறொன்று. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சுனாமி வந்தது. வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர்களில் கடற்கரையில் நின்றவர்கள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். ஆலயத்துக்குள் இருந்தவர்கள் பிழைத்தார்கள். பிழைத்ததை அற்புதம் என்று சொன்னவர்கள் உண்டு. அப்படியானால் கரையில் நின்ற குழந்தை செய்த குற்றம் என்ன என்ற கேள்விக்கு, எங்கள் கூட்டத்தில் இருந்த நம்பிக்கையாளர்கள் விடை சொல்ல முயலவில்லை. "எனக்கும் தெரியாது, ஆனாலும் நான் போவேன்" என்றார் ஓர் அம்மா. அதைவிட நேர்மையான பதிலை மறுப்பாளர்களிடமிருந்தும் நாங்கள் கேட்கவில்லை. நம்பிக்கை நிரூபணத்தின் மேல் நிற்கவில்லை என்பதை நம்புகிறவர்களே ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான்.

கடவுள் மறுப்பு வாதம் வெளியிலிருந்து வந்த சரக்கு என்று சிலர் சொல்வதை ஏற்கமாட்டோம். மணிமேகலை வஞ்சி நகரில் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அந்த வரிசையில் உலகம் பூதங்களால் ஆனது என்னும் பூதவாதியும் இருக்கிறான். சிவஞான சித்தியாரில் பிற சமயங்களை மறுக்கும் பகுதியான பரபக்கம், கடவுளை ஏற்காத உலகாயதனை மறுப்பதில்தான் தொடங்குகிறது. மறுப்பதற்கு முன்னால் அவன் கட்சியை எடுத்துச் சொல்லியாக வேண்டும் என்பது அந்த நூலின் ஒழுங்கு. பெரியார் 1925-இல் சுயமரியாதை இயக்கத்தைத் தொடங்குவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1880-களில், சென்னையில் 'தத்துவ விவேசினி' என்ற தமிழ் இதழ் கடவுள் மறுப்பை அச்சிட்டு விற்றது. கேட்பதும் மறுப்பதும் நம் வீட்டுப் பழக்கம்தான்.

நம்பிக்கை என்ன தருகிறது?

சைத்ர மாதப் பௌர்ணமி இரவில் திகளர்பேட்டை தர்மராயசாமி கோயிலிலிருந்து கரகம் புறப்படுகிறது. மல்லிகைப்பூக் கோபுரமாகக் கரகம். அதைத் தலையில் ஏந்தியிருப்பவர் ஆண், ஆனால் கையில் வளையல், உடம்பில் திரௌபதியின் கோலம். சுற்றிலும் உருவிய வாளோடு வீரகுமாரர்கள். இந்தத் திருவிழாவை நடத்தும் திகளர்கள் தமிழ் கலந்த பேச்சு பேசுபவர்கள். ஊர்வலம் போகும் வழியில் காட்டன்பேட்டையில் தவக்கல் மஸ்தான் ஷா தர்காவுக்குள்ளும் கரகம் போகிறது. அங்கே போகாமல் கரகம் முடிவதில்லை.

திரௌபதி அன்றிரவு வருகிறாளா என்று எங்களில் பாதிப்பேர் சந்தேகிக்கிறோம். ஆனால் தமிழும் கன்னடமும் உருதும் பேசும் மூன்று பேட்டைக்காரர்களை ஒரே தெருவில் விடியும்வரை நிறுத்தி வைக்க எந்தச் சமாதானக் குழுவாலும் முடிந்ததில்லை. கடவுள் உண்டா என்பதும் நம்பிக்கைக்குப் பயன் உண்டா என்பதும் தனித்தனிக் கேள்விகள் என்பதற்கு எங்களுக்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவைப்படவில்லை.

இன்னொரு சாட்சி கோலார் தங்கவயல். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழ்ப் பௌத்த முன்னோடி அயோத்திதாசரின் வழியில், மாரிக்குப்பத்தில் தமிழ்ச் சுரங்கத் தொழிலாளர்கள் பௌத்த சங்கம் அமைத்தார்கள். பூமிக்கு அடியில் வேலை பார்த்த, மேலே வந்தால் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் அவர்கள். படைத்தவன் ஒருவன் தேவைப்படாத ஒரு சமயம் அவர்களுக்குத் தலை நிமிரக் கற்றுத் தந்தது. மதம் என்றாலே அபின் என்று ஒரே வரியில் முடித்துக்கொள்பவர்கள் மாரிக்குப்பத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

கேள்வி எங்கே தொடங்குகிறது?

கேள்வி தொடங்கும் இடத்தை இந்த நகரத்தில் காட்டியவர் எச். நரசிம்மையா. கௌரிபிதனூர் பக்கம் ஒசூர் என்ற கிராமத்தில் 1920-இல் பிறந்தவர். அமெரிக்காவில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியும், கதர் உடுத்தி, பசவனகுடி நேஷனல் கல்லூரி விடுதியில் ஓர் அறையிலேயே வாழ்ந்தவர். 1962-இல் பெங்களூரு அறிவியல் மன்றத்தைத் தொடங்கினார். பெங்களூருப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தபோது, 1976-இல், அற்புதங்களையும் சோதிக்கக்கூடிய மூடநம்பிக்கைகளையும் ஆராய ஒரு குழு அமைத்தார். வெறுங்கையிலிருந்து விபூதியும் மோதிரமும் வரவழைப்பதாகப் புகழ்பெற்றிருந்த சத்ய சாய்பாபாவுக்கு, கண்காணிப்புக்கு உட்பட்டு அதைச் செய்துகாட்டும்படி கடிதங்கள் எழுதினார். சோதனை நடக்கவில்லை. ஆன்மிகம் புலன்களுக்கு அப்பாற்பட்டது, அறிவியல் தன் எல்லைக்குள் நிற்க வேண்டும் என்பது மறுதரப்பு சொன்ன காரணம். 1977-இல் குழு கலைக்கப்பட்டது.

ஆன்மிகம் புலன்களுக்கு அப்பாற்பட்டதாகவே இருக்கட்டும். விபூதி அப்படியல்ல. அது விரலில் ஒட்டுகிறது. தராசில் வைத்தால் எடை காட்டுகிறது. நரசிம்மையா கேட்டது கடவுளைப் பற்றி அல்ல, விபூதியைப் பற்றி. எங்கள் நிலைப்பாட்டின் மூன்றாவது புள்ளி அவரிடமிருந்து நாங்கள் கற்றது.

இதே இடத்தில் இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நாங்கள் கட்சிக்காரர்கள் ஆகிவிடுவோம். சாய்பாபாவின் பெயரால் 2001-இல் ஒயிட்ஃபீல்டில் திறக்கப்பட்ட மருத்துவமனை பெரிய அறுவை சிகிச்சைகளையும் இலவசமாகச் செய்கிறது. அந்தத் தொண்டு விபூதிக்கு ஆதாரம் ஆகாது. விபூதி மேலுள்ள சந்தேகம் அந்தத் தொண்டைப் பொய்யாக்கவும் செய்யாது.

சட்டம் நிற்கும் இடமும் நாங்கள் நிற்கும் இடமும்

அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவு மதச் சுதந்திரம் தருகிறது. நரசிம்மையா குழு அமைத்த அதே 1976-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 42-ஆவது திருத்தம், அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 51ஏ பிரிவில் எழுதியது. இரண்டும் ஒரே புத்தகத்தில்தான் இருக்கின்றன.

கர்நாடகம் 2017-இல் மனிதாபிமானமற்ற பழக்கங்களையும் மாந்திரீகத்தையும் தடுக்கச் சட்டம் இயற்றி, 2020 சனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பிறர் உண்ட எச்சில் இலைமேல் உருளும் மடே ஸ்நானத்தை அது தடை செய்தது. பாம்பு கடித்தவரை மருத்துவமனைக்குப் போகவிடாமல் மந்திரிப்பதைக் குற்றமாக்கியது. ஒரு தாடையிலிருந்து மறு தாடைக்குக் கம்பி குத்துவதும் பட்டியலில் உண்டு. சோதிடத்தையும் வாஸ்துவையும் தொடவில்லை. சட்டத்தை ஆதரிக்கிறோம். அலகு குத்துவதில் மட்டும் எங்களுக்குள் ஒருமனம் இல்லை. வயது வந்தவர் தன் உடம்பைத் தானே வருத்திக்கொள்வது கூப்பிய கைதான் என்கிறது ஒரு தரப்பு. ஊரும் உறவும் சேர்ந்து தள்ளும்போது அது விருப்பம் ஆகாது என்கிறது மறு தரப்பு. சிறுவர்களுக்குக் கூடவே கூடாது என்பதில் இரு தரப்பும் ஒன்று.

இஸ்ரோ விஞ்ஞானிகள் ஏவுதலுக்கு முன் ராக்கெட்டின் சிறு மாதிரியோடு திருப்பதிக்குப் போவதைப் பற்றியும் கேட்கிறார்கள். வால்வைச் சோதிப்பதற்குப் பதிலாக அர்ச்சனை நடந்தால் கவலைப்படுவோம். அப்படி நடப்பதில்லை. ஆனால் அரசு நிறுவனத்தின் பெயரால் போவதைவிடத் தனிமனிதராகப் போவதே பொருத்தம் என்பது பெரும்பான்மைக் கருத்து.

ஒருமனமாகச் சொல்வது ஒன்று உண்டு. மூடநம்பிக்கை எதிர்ப்பாளர் நரேந்திர தபோல்கர் 2013-இல் புனேயில் சுட்டுக் கொல்லப்பட்டார். கன்னட அறிஞர் எம். எம். கல்புர்கி 2015-இல் தார்வாடில், தன் வீட்டு வாசலில். பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் 2017 செப்டம்பர் 5 இரவு, இதே நகரத்தில், ராஜராஜேஸ்வரி நகரில் தன் வீட்டு முன்னால். அதே ஆண்டு மார்ச்சில் கோவையில், திராவிடர் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்த ஃபாரூக் கடவுள் மறுப்பைப் பேசியதற்காக வெட்டிக் கொல்லப்பட்டார். ஒரு மதத்தின் பெயரால் மட்டும் இது நடப்பதில்லை. ஆகவே ஒரு மதத்தை மட்டும் கேட்பது பகுத்தறிவும் ஆகாது.

எங்களுக்கு நாங்களே வைத்துக்கொண்ட விதிகள்

துக்க வீட்டில் கடவுளைப் பற்றி வாதாட மாட்டோம். எவர் நெற்றியையும் தலைமறைப்பையும் கேலி செய்ய மாட்டோம். மற்றவர் மதத்தைக் கேட்கும் முன் தான் பிறந்த மதத்தைக் கேட்டிருக்க வேண்டும். பரிகாரம், தகடு, அற்புத எண்ணெய் என்று பணம் இழந்தவர் எங்களிடம் வந்தால், அவர் நம்பினாரே என்று குத்திக்காட்டாமல், புகார் எழுத அவரோடு உட்காருவோம்.

கோயில், மசூதி, தேவாலய நிர்வாகங்களை நாங்கள் கேட்பது ஒன்றுதான்: பக்தர் தரும் பணத்தின் கணக்கை வாசலில் ஒட்டுங்கள். பள்ளிகளைக் கேட்பது: "அது எப்படித் தெரியும் டீச்சர்?" என்று கேட்கும் பிள்ளையை உட்காரச் சொல்லாதீர்கள்.

கடைசியாக ஒரு சிறு வேலை. ஆயுத பூசையன்று இந்த நகரத்தில் காருக்கும் லாரிக்கும் கம்ப்யூட்டருக்கும்கூடக் குங்குமம் வைக்கிறோம். சக்கரத்தடியில் எலுமிச்சை, முச்சந்தியில் திருஷ்டிப் பூசணி. மறுநாள் காலை பால் பாக்கெட் போடப் போகும் பையனின் வண்டி அந்தப் பூசணிச் சதையில் வழுக்குகிறது. பூசணி கண்ணேற்றைப் போக்குமா என்பதில் எங்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. அந்தப் பையன் விழக் கூடாது என்பதில் சண்டையே இல்லை. ஆகவே இனி ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் மறுநாள் விடியும் முன், உடைத்தவரும் உடைக்காதவருமாக, எங்கள் முச்சந்தியில் துடைப்பத்தோடு நிற்பது என்று தீர்மானித்திருக்கிறோம். வர விரும்புபவர் வரலாம். நம்பிக்கை உண்டா என்று கேட்க மாட்டோம். வாளி இருந்தால் எடுத்து வாருங்கள்.