எந்த நாளில் கடகத்தை இறக்கி வைப்பது?

யாழ்ப்பாணத்தாரில் எத்தனையோ பேரின் பிறப்புச் சான்றிதழில் இணுவில் என்ற பெயர் இருக்கிறது. அவர்கள் அவ்வூரார் அல்லர். பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென 1898 ஆம் ஆண்டு அமெரிக்க மிஷன் அங்கே திறந்த மக்லியட் வைத்தியசாலையிற் பிறந்தவர்கள். டாக்டர் இசபெல்லா கேர் போன்ற பெண் மருத்துவர்கள் பல்லாண்டுகள் உழைத்த இடம் அது. 'இணுவில் ஆஸ்பத்திரி' என்றாலே பிள்ளைப்பேறு என்று பொருள் கொண்ட தலைமுறைகள் உண்டு.

இத்தகைய பெருமை பெற்ற ஊரின் செம்மண் தோட்டங்களுக்குள் சற்றே இறங்கிப் பாருங்கள். வெங்காயப் பாத்தியிற் குந்தியபடியே நகர்ந்து நகர்ந்து புல்லுப் பிடுங்குகிறார்கள் பெண்கள். எருவைக் கடகத்தில் அள்ளித் தலையிலேற்றி வரம்போடு நடக்கிறார்கள். அறுவடை நாளில் குனிந்த முதுகு நிமிராமற் பிடுங்கிப் பிடி கட்டுகிறார்கள். ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதனிற் குறைந்த கூலி என்பது இங்கே எழுதாச் சட்டம். இந்த வேலைகளில் எதுவும் ஏழாம் மாதம் பிறந்துவிட்டதென்று இலேசாகிவிடுவதில்லை.

புகையிலைத் தோட்டத்தின் கதை இன்னும் கொடிது. புகையிலைச் செய்கை முன்போல் இல்லையெனினும் மறைந்துவிடவுமில்லை. ஈரம் காயாத பச்சை இலையைக் கட்டிச் சுமப்பவளின் தோல் வழியாகவே நிக்கொட்டீன் உடலுள் ஊறுகிறது. தலை சுற்றும், வாந்தி வரும், கைகால் தளரும். இதற்கு மருத்துவம் 'பச்சைப் புகையிலை நோய்' என்று பெயரே வைத்திருக்கிறது. ஆனால் கருவுற்றவளுக்கு இது வந்தால் மசக்கை என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அவளும் அப்படியே நம்பி மறுநாளும் இலை சுமக்கிறாள்.

இவள் எந்த நாளில் வேலையை நிறுத்துவது? அந்த நாளை யார் தீர்மானிப்பது?

'அவளாகத்தான் வருகிறாள், நாம் ஒருவரையும் வற்புறுத்தவில்லை' என்கிறார் தோட்டக்காரர். உண்மைதான், வற்புறுத்துவதற்கு அவர் தேவையில்லை, அடுப்பு வற்புறுத்துகிறது. ஒரு நாள் வராவிட்டால் ஒரு நாட் கூலி இல்லை. வயிற்றிலிருக்கும் பிள்ளைக்காக ஓய்வெடுத்தால் வீட்டிலிருக்கும் பிள்ளை பசித்திருக்கும். இந்த இரண்டில் ஒன்றைத் தெரிவு செய் என்று ஒருத்தியிடம் சொல்லிவிட்டு, அதனைச் சுதந்திரமான தீர்மானம் என்று வருணிப்பது எவ்வளவு பெரிய பொய்!

'எங்கள் பாட்டிமார் வயல் வரம்பிலே பெற்றுப் போட்டுவிட்டு மறுநாளே நாற்று நட்டார்கள்' என்று பெருமை பேசுவோரும் உளர். அப்படிப் பெற்றவர்களுள் எத்தனை பேர் செத்தார்கள் என்பதை அவர்கள் சொல்வதில்லை. செத்தவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் இல்லையாதலால் அந்தக் கதையைச் சொல்ல ஆளுமில்லை. அசைவு நல்லதன்றோ என்று வைத்தியரைத் துணைக்கழைப்பவரும் உண்டு. வைத்தியர் நல்லதென்பது நடையை, எருக் கடகத்தையன்று.

நமது வழக்கத்தையும் ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். பிள்ளை பிறந்தபின் 31 நாள் துடக்கு என்று நாள் குறித்திருக்கிறோம். சரக்கு அரைத்துக் கொடுக்கிறோம், கிணற்றடிக்கும் அடுப்படிக்கும் அவளை விடுவதில்லை. தீட்டு என்ற பெயரிலாயினும் அந்த உடலுக்கு ஓர் ஓய்வு கிடைத்துவிடுகிறது. பிறப்பதற்கு முன்னரோ ஒரு நாளும் குறிக்கப்படவில்லை. தாயின் களைப்பு எவரையும் தீண்டுவதில்லை போலும்!

சட்டம் என்ன செய்கிறது? 1939 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் இலங்கையில் இருக்கிறது. பலமுறை திருத்தப்பட்ட சட்டம். பிரசவத்துக்கு முன் இரண்டு வாரம், பின் பத்து வாரம் என்று அது பேசுகிறது. கருவுற்றவளுக்குத் தீங்கு தரும் வேலையைக் கொடுக்கலாகாது என்றும் விதிக்கிறது. மூன்றாம் பிள்ளைக்கு நாள் குறைத்துக் கொடுத்த அநீதியையும் 2018 ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிற்று. எல்லாம் நன்று. ஆயினும் தற்செயலாக வேலைக்கு அழைக்கப்படுபவளையும், வீட்டிலிருந்தே தொழில் செய்பவளையும் அச்சட்டம் தன் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டது. மலையகத்திற் கொழுந்து பறிப்பவளுக்குத் தோட்டப் பதிவேட்டிற் பெயர் இருக்கிறது, பின்னால் ஒரு சங்கம் இருக்கிறது. இணுவிலில் இன்று ஒருவர் தறையிலும் நாளை இன்னொருவர் தறையிலும் புல்லுப் பிடுங்குபவளுக்குப் பதிவேடு ஏது? அவள் வாழ்நாள் முழுவதும் உழைத்தாலும் சட்டத்தின் கண்ணுக்குத் தற்செயலாக வந்தவளே!

இது எவருக்கும் தோன்றாத புதுமை அன்று. 1919 இல் வாஷிங்டனிற் கூடிய சர்வதேசத் தொழில் மாநாடு, பிரசவத்துக்கு ஆறு வாரம் முன்னதாகவே வேலையை விட்டு விலகும் உரிமை ஆலை வேலைக்காரிக்கு உண்டென்றது. நாட்கணக்கில் வைத்தியர் தவறினாலும் அத்தவறு அவளுடைய கொடுப்பனவைப் பாதிக்கலாகாது என்றும் எழுதிவைத்தது. இரண்டே ஆண்டுகளின் பின், 1921 இல், விவசாயக் கூலிப் பெண்களுக்கும் இதுபோன்ற பாதுகாப்பு வேண்டுமென்று அதே நிறுவனம் நாடுகளுக்குப் பரிந்துரைத்தது. அதற்கான பணம் பொதுநிதியிலிருந்தோ காப்புறுதியிலிருந்தோ வரட்டும் என்றது. நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. நமது செம்மண் தறைக்கு அந்தக் காகிதம் இன்னும் வந்து சேரவில்லை.

இனி நம்மைப் பற்றிச் சிறிது பேசுவோம். இதனைப் படிப்போரிற் பலர் ஆசிரியர்கள். அரசாங்க சேவையிலுள்ள பெண்ணுக்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலைநாள் லீவு. பின்னர் அரைச் சம்பளத்திலும் சம்பளமின்றியும் நீட்டிக்கொள்ளலாம். கூலிப் பெண்ணின் நிலையோடு ஒப்பிட்டால் இது சொர்க்கமே. ஆயினும் இங்கும் ஒரு பொறி உண்டு. முழுச் சம்பள நாட்கள் யாவும் ஒரே பானையிற் கிடக்கின்றன. முன்னதாக எடுக்கும் ஒவ்வொரு நாளும் பிள்ளையின் வாயிலிருந்து பறிக்கும் நாளாகிவிடுகிறது. ஆகவே நோயாளியைத் தூக்கிப் புரட்டும் தாதியும், நாள் முழுவதும் வகுப்பில் நிற்கும் ஆசிரியையும் வீங்கிய காலோடு கடைசி வாரம்வரை இழுத்துப் பிடிக்கிறார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே நாட்களைப் பங்குபோடும் இந்தக் கணக்கை அவர்கள் மீது சுமத்தியவர் யார்? பிறப்புக்கு முந்திய ஓய்வு வேறு, பிந்திய ஓய்வு வேறு. இரண்டையும் தனித்தனியே எண்ணவேண்டும் என்று நமது சங்கங்கள் உரத்துக் கேட்கவேண்டும்.

கேட்கும்போது நமக்கு மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடலாகாது. தோட்டப் பெண்ணுக்கு முதலாளி ஒருவரல்லர், பலர். அவர்களிடம் லீவுச் சம்பளம் அறவிடச் சட்டம் செய்தால் இளம் பெண்களை எவரும் வேலைக்கு அழைக்கமாட்டார்கள். எனவே அரசாங்கமே கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1987 இல் தொடங்கி, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் நடந்துவரும் மகப்பேறு உதவித் திட்டம் ஏழைத் தாய்க்கு உதவுகிறது. அது பின்னர் பொருளும் பணமுமாக 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உனக்கு வேலை கொடுத்தவன் யார் என்று அத்திட்டம் கேட்பதில்லை. இலங்கையில் 2015 இல் தொடங்கிய கர்ப்பிணித் தாய்மாருக்கான சத்துணவு உதவி மாதம் 2,000 ரூபாய்ப் பெறுமதியான உணவாக வந்தது. உணவு வேண்டியதே. ஆனால் சத்துணவைத் தின்றுவிட்டு எருச் சுமக்கப் போகிறாளே, அந்த நாட் கூலிக்கு ஈடு எங்கே?

புதிய இலாகா ஒன்றும் இதற்கு வேண்டியதில்லை. இலங்கையில் இன்று பிரசவம் ஏறக்குறைய முழுவதும் வைத்தியசாலைகளிலேயே நடக்கிறது. கருவுற்றவளின் வீட்டுப் படலையைத் திறந்து செல்லும் குடும்பநல உத்தியோகத்தர் ஒவ்வொரு பிரிவிலும் உண்டு. அவர் நிறை பார்க்கிறார், இரத்த அழுத்தம் பார்க்கிறார், இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறார். 'இந்தப் பெண் இன்றோடு வேலையை நிறுத்தலாம்' என்று அவர் எழுதும் ஒரு வரிக்கு நாட் கூலியின் பெறுமதியைக் கொடுங்கள். அந்த நாள் எதுவென்பதை அவளும் உத்தியோகத்தருமாகச் சேர்ந்து தீர்மானித்துக்கொள்வார்கள்.

அது வரும்வரை ஒரு காரியம் நம் கையிலேயே இருக்கிறது. மாலையில் முற்போக்கு பேசும் நம்மிற் சிலருக்குக் காலையில் வெங்காயத் தறை உண்டு; அங்கே கூலிக்கு ஆளும் உண்டு. எட்டாம் மாதத்தவள் வந்து நின்றால், பாவம் என்று சொல்லிப் படலையோடு திருப்பி அனுப்புவது இரக்கமாகாது, அது பட்டினிக்கு அனுப்புவதே. கொட்டிலின் நிழலில் ஒரு வாங்கைப் போட்டு, வெங்காயம் தெரியும் வேலையை அவளுக்கு ஒதுக்கி, மற்றவர்களுக்குக் கொடுக்கும் கூலியையே கொடுங்கள். அதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை.