பச்சிளங் குழந்தையின் வயிற்றில் கட்டி



சென்ற மாதம் ஒருநாள் விடியற்காலையில், நாம் சித்தூர் நிலையத்தில் சீட்டு வழங்கிக்கொண்டிருந்தபோது, இருபது நாட் குழந்தையுடன் தமிழ்க் குடும்பம் ஒன்று காட்பாடிக்குச் சீட்டுக் கேட்டது. குழந்தையின் வயிற்றில் இடப்புறம் எலுமிச்சையளவு கட்டி. காலிற் கிடத்தி நீராட்டுகையில் பாட்டியின் கைக்குத் தட்டுப்பட்டதாம். உரம் விழுந்ததென்று கருதிச் சேலையிலிட்டு உருட்டினராம். தொக்கம் எடுப்பவரிடமும் சென்றனராம். இவ்வாறு பதினொரு நாட்கள் கழிந்தன.

பாட்டியாரை நாம் குறை கூறோம். கட்டியை முதலிற் கண்டவர் அவரே அன்றோ! ஆயினும், உருட்டுதலும் அழுத்துதலும் கூடவே கூடா. சிலவகைக் கட்டிகள் உடைந்து உள்ளே குருதி பெருகும். புற்றாயின் பரவவும் கூடும். மருத்துவரே அத்தகைய வயிற்றை அடிக்கடி தொட்டுப் பார்ப்பதில்லை.

கட்டி என்றதும் புற்றுநோயோ என்று நெஞ்சம் பதறுதல் இயல்பு. பிறந்த குழந்தைகளிடத்தோ நிலைமை வேறு. அவர்தம் வயிற்றுக் கட்டிகளுட் பாதிக்கு மேற்பட்டவை சிறுநீரகத்தைச் சார்ந்தவை. பெரும்பாலானவை புற்றும் அல்ல. சிறுநீர் இறங்கும் வழியில் அடைப்பு நேர, நீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்குவதே மிகுதி. சில குழந்தைகட்கு ஒரு சிறுநீரகம் முழுதும் நீர்ப்பைகளாய் அமைந்துவிடும். மற்றொன்று நன்றாயிருப்பின், அதனைக் காலந்தோறும் கவனித்து வருவதே பெரும்பாலும் போதும். பெண் குழந்தைகளின் சூலகத்திலும், தாயின் சுரப்பு நீரால், நீர்ப்பை தோன்றுவதுண்டு. அவற்றுட் பல தாமே சுருங்கும்.

முதற் சோதனை ஒலியலை ஸ்கேன். வலியில்லை, கதிர்வீச்சுமில்லை. ஆயினும் பிறந்த முதலிரு நாட்களில் சிறுநீர் குறைவாதலின், வீக்கம் சிறிதாகத் தோன்றலாம். அதனால் மறுமுறையும் எடுப்பர். 'முன்பே பார்த்தாயிற்றே' என்று தட்டிக்கழித்தல் தகாது. கருவுற்ற காலத்து ஸ்கேன் தாளிலேயே பலருக்கு இது குறிக்கப்பட்டிருக்கும். அத்தாளை எடுத்துச் செல்க. ஆண் குழந்தை சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கழித்து, அடிவயிறு உப்பியிருப்பின், ஒருநாளும் தாமதித்தலாகாது. வழியில் தடுக்கிதழ் இருந்து இரு சிறுநீரகங்களையும் கெடுத்துவிடும்.

திடக் கட்டியாயின் ஸ்கேனுடன் குருதி, சிறுநீர்ச் சோதனைகளும் செய்வர். பிறந்த குழந்தையின் சிறுநீரகத் திடக் கட்டிகளுட் பெரும்பான்மையான ஒருவகை, அறுவையினாலேயே குணமாவது. சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியில் தோன்றும் ஒருவகைப் புற்றுங்கூட, சிறிதாயிருப்பின் இவ்வயதில் தானே கரைவதுண்டு. அதைக் காத்திருந்து கவனிப்பதா, அறுப்பதா என்று கூற வேண்டியவர் குழந்தை அறுவை மருத்துவரே.

திருப்பதியில் ருயா அரசு மருத்துவமனை உள்ளது. காட்பாடியில் இறங்கினால், 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே படுக்கையுடன் தொடங்கிய வேலூர் மருத்துவமனை அண்மையிலேயே.

பத்து நாட்களுக்குப்பின் அக்குடும்பத்தினர் நம் சாளரத்திற்கு வந்தனர். நீர் தேங்கிய சிறுநீரகமாம். அது எவ்வளவு வேலை செய்கிறதென்று அளந்தபின் அறுவையை முடிவு செய்வராம். பாட்டியார் ஸ்கேன் தாளை மடியில் முடிந்திருந்தார். அடுத்த மாதப் பயணத்திற்குக் காலை வண்டி எத்தனை மணிக்கு என்று மட்டும் வினவினார்.