இரண்டாவது கருவியின் விலை

பார்க்கின்சன் நோயின் நடுக்கத்தைத் தணிக்க, மூளையில் மின்முனைகளைப் பதித்து, மார்புத் தோலுக்கடியில் தூண்டல் கருவியைப் பொருத்துகின்றனர். உலகச் சந்தையின் பெரும்பங்கு மெட்ரானிக், அபாட், பாஸ்டன் சயின்டிஃபிக் ஆகிய மூன்று நிறுவனங்களிடம் உள்ளது. விலையோ பல இலட்சம். மேல்மலையனூரில் மணிலா பயிரிடும் குடும்பம் நிலத்தை அடகு வைத்து முதல் கருவியை வாங்கிவிடலாம். மின்னேற்றம் செய்ய இயலாத வகையெனில், சில ஆண்டுகளில் மின்கலம் தீரும், கருவியையே மாற்றவேண்டும். அப்போது எதை அடகு வைப்பது?

2017இல் இதயக்குழாய் ஸ்டென்டுக்கும் செயற்கை முழங்காலுக்கும் நடுவண் அரசு விலை உச்சவரம்பு விதித்தது. இக்கருவிக்கும் அது வேண்டும். உள்நாட்டு உற்பத்தியும் இயலாததன்று: திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் தானே உருவாக்கிய இதய வால்வை 1990இல் நோயாளிக்குப் பொருத்தியது.

அதுவரை, அறுவைக்கு ஒப்புதல் அளிக்குமுன் மாற்றுக் கருவியின் விலையையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.